நாற்காலியும் சம்பளப் பட்டியலும்: உள்ளாட்சியில் பெண் சமத்துவம்



உள்ளாட்சியும் பெண்களும் என்ற பொருளில் நடக்கும் பேச்சுகள் பெரும்பாலும் ஒரே வழியில் போகின்றன. எத்தனை பெண்கள் தலைவர்கள் ஆனார்கள், எத்தனை பேர் தாங்களாகவே முடிவெடுக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பின்னால் வீட்டுக்காரர் நிற்கிறார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது வேண்டாத பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் மக்கள் பிரதிநிதிகள் கூடிப் பேசும் மன்றங்கள் மட்டுமல்ல. அவை ஆள் வைத்து வேலை வாங்கும் இடங்களும்கூட. தெருவைக் கூட்டுகிறவர், குப்பையைப் பிரிக்கிறவர், குடிநீர்த் தொட்டி மோட்டாரைப் போடுகிறவர், வரி ரசீது எழுதுகிறவர் என்று பலருக்கும் உள்ளாட்சிதான் முதலாளி. அந்த முதலாளி தன்னிடம் வேலை செய்யும் பெண்களை எப்படி நடத்துகிறார் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: உள்ளாட்சியில் சமத்துவம் இருக்கிறதா என்பதை நாற்காலியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, சம்பளப் பட்டியலையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

நாற்காலி வந்த வழி

நாற்காலி எளிதில் கிடைத்துவிடவில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமையும் எந்த உத்தியோகத்துக்கும் வரும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது அரசு வேலையில் 30 விழுக்காடு இடஒதுக்கீடாக வடிவம் பெற 1989 வரை 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சொத்துரிமைச் சட்டத் திருத்தமும் அதே ஆண்டில்தான் வந்தது.

உள்ளாட்சியில் திருப்பம் 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சாசனத் திருத்தங்களால் ஏற்பட்டது. உறுப்பினர் இடங்களில் மட்டுமல்லாமல் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவை விதித்தன. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் தமிழ்நாட்டில் முதல் தேர்தல் நடந்தது. 2016இல் மூன்றில் ஒன்று சரிபாதி ஆனது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு 2022 வரை மூன்றே பெண் மேயர்கள்: தாரா செரியன், காமாட்சி ஜெயராமன், ஆர். பிரியா. மூன்றாமவர் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பட்டியல் சாதிப் பெண். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. சட்டம் ஒதுக்கியிராவிட்டால் இந்தக் கணக்கு என்னவாகியிருக்கும் என்பதைச் சென்னையின் முந்தைய வரலாறே சொல்கிறது.

நாற்காலியில் பெண் அமர்ந்தால் ஊருக்கு என்ன மாறும்? ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் ஆகிய மாவட்டங்களில் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. எந்த ஊராட்சி பெண் தலைவருக்கு என்பது அங்கே சுழற்சியில் முடிவானதால், பெண் தலைமை உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. பீர்பூமில் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீருக்கும் சாலைக்கும். பெண் தலைவர்கள் இருந்த ஊராட்சிகளில் அந்த இரண்டுக்கும் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. உதய்பூரில் பெண்கள் கேட்டது குடிநீர். சாலையை அதிகம் கேட்டவர்கள் ஆண்கள். அங்கே பெண் தலைவர்கள் தண்ணீருக்குக் கூடுதலாகவும் சாலைக்குக் குறைவாகவும் செலவிட்டிருந்தார்கள். பெண் தலைவர் கணவரின் பொம்மை என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த முடிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பொம்மையாக இருந்திருந்தால் செலவுக் கணக்கு மாறியிருக்காது.

நாற்காலியின் கதை அதோடு முடியவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாட்டையே தலைகுனிய வைத்தது. பதவியைச் சட்டம் கொடுத்தது, உட்கார இடத்தைச் சாதி மறுத்தது. கண்ணுக்குத் தெரியாத தடைகளும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. கையெழுத்தைப் பிடித்து வைத்தால் போதும், ஒரு பெண் தலைவரின் கையைக் கட்டிவிடலாம்.

தேர்தலே நடத்தாமல் விடுவது இன்னொரு தடை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பர் வரையும், நகரப் பகுதிகளில் 2022 பிப்ரவரி வரையும் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 50 விழுக்காடு ஒதுக்கீடு சட்டமான அதே ஆண்டில்தான் இந்த இடைவெளி தொடங்கியது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றமே இல்லாத காலத்தில் 50 விழுக்காடு என்பது பூஜ்யத்தில் பாதி.

பட்டியலில் இருப்பவர்கள்

இனிச் சம்பளப் பட்டியலுக்கு வருவோம். ஒரே மாநகராட்சிக்காக உழைக்கும் இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அலுவலகத்தில் நிரந்தர உதவியாளர். மற்றவர் ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்து தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர். இருவரும் கருவுற்றிருக்கிறார்கள். அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021இலிருந்து நம் மாநிலத்தில் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. நாட்டிலேயே முன்னுதாரணமான ஏற்பாடு அது. தூய்மைப் பணியாளருக்குச் சட்டம் தருவது 26 வாரம். அதுவும் ஒப்பந்ததாரர் ஈ.எஸ்.ஐ. பணத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தால்தான் தடையில்லாமல் கைக்கு வரும். சலுகை கூடுவதும் குறைவதும் வேலைக்கு எடுத்த வழியைப் பொறுத்ததாகிவிட்டது. பிரசவமோ இருவருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தில்லி மாநகராட்சியில் தினக்கூலியாக, மஸ்டர் ரோலில் வேலை செய்த பெண்கள் மகப்பேறுப் பயன் கேட்டார்கள். அந்தச் சலுகை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் என்றது மாநகராட்சி. 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. மகப்பேறுப் பயன் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும் என்பது அன்று உறுதியானது. இந்த வழக்கில் எதிர்வாதம் செய்தது ஏதோ ஒரு தனியார் ஆலை அல்ல, தலைநகரின் மாநகராட்சி என்பதை மறந்துவிடக் கூடாது. மக்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம் தன் பெண் தொழிலாளர்களுக்கு எதிராகக் கடைசி நீதிமன்றம் வரை போனது.

பெண்கள் மிகுதியாக இருக்கும் வேலைகளின் பெயர்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். அங்கன்வாடியிலும் ஆஷா பணியிலும் ஊராட்சித் தூய்மைக் காவலர் பணியிலும் கொடுப்பதற்கு மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று பெயர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தந்தது. ஆனால் வழக்கமான ஊதிய விகிதத்துக்குள் அவர்களைக் கொண்டுவரவில்லை. இந்தப் பெயர்கள் வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல. சம்பளம் என்று சொன்னால் பணிக்கொடையும் ஓய்வூதியமும் பின்னாலேயே வரும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆக வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு நடந்த போராட்டம் உங்கள் நினைவில் இருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாள் நடைபாதையில் அமர்ந்தார்கள். தங்கள் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஓர் இரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அடுத்த நாளே இலவசக் காலை உணவு, காப்பீடு உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. நலத்திட்டத்தை நான் குறை கூறவில்லை. பசித்த வயிற்றோடு வேலைக்கு வருகிறவருக்குச் சோறு பெரிது. ஆனால் அவர்கள் கேட்டது வேலை உரிமை. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்பதைப் பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

கிளாஸ்கோ தரும் பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தின் பெரிய நகரமான கிளாஸ்கோவில் 2018 அக்டோபரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இரண்டு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளிச் சமையல் பணியாளர்கள். குப்பை லாரிகளில் வேலை செய்த ஆண்கள் பலர் அந்தப் பெண்களின் மறியலைத் தாண்டிப் போக மறுத்து அவர்களோடு நின்றார்கள்.

என்ன நடந்திருந்தது? 2006இல் மாநகராட்சி எல்லா வேலைகளையும் மதிப்பிட்டு, சம்பளத்தை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிப் புதிய திட்டம் கொண்டுவந்தது. முன்பு போனஸ் வாங்கிவந்த ஆண்களின் வருமானம் குறையாதபடி அதில் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கப்பட்டது. வாரம் 37 மணி நேரம் வேலை செய்தால் கூடுதல் புள்ளி என்ற விதியும் சேர்க்கப்பட்டது. பெண்களில் மிகப் பலர் பகுதி நேரப் பணியாளர்கள். காகிதத்தில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லை, விளைவில் இருந்தது. 2017இல் ஸ்காட்லாந்தின் உயர்மட்ட உரிமையியல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. வேலை நிறுத்தத்துக்குப் பிறகு 2019இல் உடன்பாடு ஏற்பட்டது. கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 50 கோடி பவுண்டு. அதைத் திரட்ட மாநகராட்சி தன் அரங்குகளை விற்று, அவற்றையே குத்தகைக்கு எடுத்தது.

என் வாதத்துக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. பெண்கள் வேலை நிறுத்தம் செய்த அந்த நாளில் கிளாஸ்கோ மாநகராட்சியின் அரசியல் தலைவர் சூசன் எய்ட்கன் ஒரு பெண். தலைமை நிர்வாகி ஆன்மேரி ஓடானலும் பெண். எய்ட்கனின் கட்சி இந்த வழக்கைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லித்தான் பொறுப்புக்கு வந்தது. உச்சியில் இரண்டு நாற்காலியிலும் பெண்கள் இருந்தும், பன்னிரண்டு ஆண்டுப் பழைய சம்பள அட்டவணை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெண் தலைமை வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். தலைமை மாறினால் அட்டவணையும் தானாக மாறிவிடும் என்று காத்திருக்க முடியாது என்பதே.

இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இதே கதை. குப்பை அள்ளும் ஆண்களும் சாலைப் பணியாளர்களும் போனஸ் பெற்றார்கள். அதே தரவரிசையில் இருந்த துப்புரவு, சமையல், பராமரிப்புப் பெண்களுக்கு அது இல்லை. 2012இல் 174 முன்னாள் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயத்துக்குப் போகும் ஆறு மாதக் கெடு முடிந்திருந்தாலும் ஆறு ஆண்டுகள் வரை சாதாரண நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றது. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சி அவசியமற்ற புதிய செலவுகளையெல்லாம் நிறுத்துவதாக அறிவித்தது. கணினித் திட்டம் ஒன்று கையைக் கடித்ததும் காரணம்தான். ஆனாலும் சம ஊதியப் பாக்கி 65 முதல் 76 கோடி பவுண்டு இருக்கலாம் என்று மாநகராட்சியே அப்போது கணக்குச் சொன்னது. பெண்களுக்கு உரியதை ஆண்டுக்காண்டு கொடுக்காமல் மிச்சம் பிடித்தவர்கள் கடைசியில் நகரத்தின் சொத்தையே விலை பேச வேண்டி வந்தது.

நம் சட்டத்தின் இடைவெளி

இங்கே அப்படி ஒரு வழக்கு ஏன் எழவில்லை? நம்மிடம் ஏற்றத்தாழ்வு இல்லாததாலா? இல்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலையை, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலையை மட்டுமே ஒப்பிட விட்டது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே எல்லைக்குள் நின்றுவிட்டது. ஆனால் 1958இல் இந்தியா ஏற்றுக்கொண்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை, வேலைகள் வெவ்வேறாக இருந்தாலும் மதிப்பு சமமானால் ஊதியமும் சமமாக வேண்டும் என்கிறது. கிளாஸ்கோவில் சமையல் பெண் தன்னைக் குப்பை லாரி ஆணோடு ஒப்பிட முடிந்தது இந்தக் கொள்கையால்தான்.

நம் ஊராட்சியில் இதைப் பொருத்திப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டர் பெரும்பாலும் ஆண். தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கிப் பிரிக்கும் தூய்மைக் காவலர் பெரும்பாலும் பெண். மாநகராட்சியில் லாரி ஓட்டுபவரும் மேஸ்திரியும் பெரும்பாலும் ஆண்கள். பெருக்குகிறவர்களில் பெண்கள் அதிகம். இவற்றில் எந்த வேலைக்கு உடலுழைப்பு கூடுதல், எதில் நோய் ஆபத்து அதிகம், எதை ஒரு நாள் நிறுத்தினால் ஊர் நாறும்? இந்தக் கேள்விகளை வைத்து வேலைகளை மதிப்பிட்டு ஊதியம் வகுப்பது நம் உள்ளாட்சிகளில் வழக்கமாகவில்லை. ஆண்கள் செய்தால் திறன், பெண்கள் செய்தால் வீட்டு வேலையின் நீட்சி என்ற பழைய எண்ணம் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் சாதியும் சேரும்போது மதிப்பு இன்னும் இறங்குகிறது.

பணியும் சேவையும் ஒன்றே

பணியாளர் நிலை வேறு, மக்களுக்குக் கிடைக்கும் சேவை வேறு என்று பிரிக்கக் கூடாது. ஒரு பொதுக் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் 2011இல் பெண்கள் இயக்கம் ஒன்று எழுந்தது. ஆண்கள் சிறுநீர் கழிக்கக் கட்டணம் இல்லை, பெண்களிடம் மட்டும் ஏன் காசு என்பதுதான் கேள்வி. விதியை எழுதியவர்களுக்கு அந்த வேறுபாடு கண்ணில் படவே இல்லை. விடியற்காலையில் தெருவைப் பெருக்க வரும் பெண்ணுக்கும், கடை விரிக்க வரும் பூக்காரிக்கும், பேருந்துக்கு நிற்கும் மாணவிக்கும் வேண்டியது ஒரே கழிப்பறைதான். அது பூட்டியிருந்தால் மூவருக்கும் ஒரே அவதி. தன் பணியாளருக்கு அந்த வசதியை உறுதிசெய்யும் மாநகராட்சி ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் அதைச் செய்ததாகிவிடும்.

நல்ல தொடக்கங்களும் உண்டு. சென்னை மாநகராட்சி 2022இல் பாலினக் கொள்கைக்கென்றே ஓர் ஆய்வகத்தை அமைத்தது. காலை உணவுத் திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர வியாபாரக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் நகராட்சியிலும் புகாரை வாங்க ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. வாங்கிய புகாரை அவர் ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்கள் நகராட்சி வாசலில் எழுதியிருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

என் யோசனைகள் நான்கு.

முதலாவது, ஒவ்வோர் உள்ளாட்சியும் ஆண்டுக்கு ஒருமுறை தன் பணியாளர் கணக்கை வெளியிட வேண்டும். நிரந்தரம், தினக்கூலி, ஒப்பந்தம், மதிப்பூதியம் என்ற ஒவ்வொரு வகையிலும் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், யாருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தோடு அதுவும் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, வேலை மதிப்பீடு. தொழிற்சங்கங்களும் பெண் பணியாளர்களும் அமர்ந்திருக்கும் குழு அதைச் செய்ய வேண்டும். ஊதியத் தொகுப்பில் சம மதிப்புள்ள வேலை என்ற கொள்கை இடம்பெற மாநில அரசு ஒன்றிய அரசை வலியுறுத்தலாம். அதற்குமுன் தன் உள்ளாட்சிகளில் அதைக் கடைப்பிடிக்கத் தொடங்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மூன்றாவது, டெண்டர். ஒப்பந்தத்துக்கு விட்ட பிறகும் ஊதியத்துக்கும் அடிப்படை வசதிக்கும் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி ரசீது, ஓய்வறை, கழிப்பறை, குழந்தைக் காப்பகம் ஆகியவை டெண்டரின் நிபந்தனையாக வேண்டும். ரசீது காட்டாத ஒப்பந்ததாரரின் பில் நிற்க வேண்டும்.

நான்காவது, தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். துணைத் தலைவரின் கையெழுத்து முட்டுக்கட்டை ஆகாதபடி விதி திருந்த வேண்டும். இது பெண் தலைவர்களுக்கு நாம் காட்டும் சலுகை அல்ல. அரசியல் சாசனம் சொன்னதைச் செய்வது.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இந்த ஊராட்சியில் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். கணக்கு வெளியே வந்துவிட்டால் அநீதியை மறைத்து வைக்க இடமிருக்காது. அந்தக் கேள்வியை உங்களில் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.